பூநாரையும் ஆறுமணிக்குருவியும்: அடைமழையில் ஒன்பது நாள் புறவாசல் பறவைக் குறிப்பு

பின்னணி

சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஓர் ஊர். பழைய தெருவீடு. தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), அடுக்களை என்று நீளவாக்கில் போய்ப் புறவாசலில் முடியும். புறவாசலில் ஒரு முருங்கை, நான்கு வாழை, ஒரு பப்பாளி, செம்பருத்திப் புதர், துவைக்கிற கல். கல்லுக்குப் பின்னால் இலை மக்கிக் கிடக்கும் ஒரு மூலை. சுவருக்கு அந்தப் பக்கம் வயல்.

வீட்டில் 72 வயது ஆச்சி, 11 வயதுப் பேரன், 8 வயதுப் பேத்தி. பிள்ளைகளின் அம்மா அப்பா இருவரும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். நான் பிள்ளைகளுக்குச் சித்தி. அந்த ஐப்பசியில் அங்கே தங்கி, மடிக்கணினியில் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவை பார்ப்பதில் எனக்குப் பயிற்சி எதுவும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிகிற பறவைகள்தான் எனக்கும் தெரியும்.

மழை என்றால் இந்த வீட்டில் ஒரு தயக்கம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்) புறவாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதிலிருந்து துவைக்கிற கல்லுக்கு மேலே போட்டிருக்கும் தகரத்தில் மழை சத்தமாக விழுந்தால் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு பட்டாசலுக்கு ஓடிவிடுவாள்.

இந்த நிகழ்வு அதற்கு அடுத்த ஓர் ஐப்பசியின் கடைசியில் நடந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மழைக்காகப் பள்ளி விடுமுறை. அதே வியாழக்கிழமை சின்னவளுக்குப் பொன்னுக்குவீங்கி. கன்னம் வீங்கி, காய்ச்சலும் இருந்தது. அடுத்த வாரம் முழுக்கப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்றார் மருத்துவர். பெரியவனுக்கு அது முன்பே வந்து போயிருந்ததால் தனியாகப் பிரித்து வைக்கவில்லை. ஆக, வெளியே போக முடியாத ஒன்பது நாள், பார்ப்பதற்கு அடுக்களையின் மரக்கம்பி ஜன்னல் ஒன்று.

முதல் நாள்: நான் வைத்த போட்டி

யோசிக்காமல் செய்தேன். ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, "சாயங்காலத்துக்குள்ள யார் நிறைய பறவை பாக்கீங்களோ அவங்களுக்கு வாழைக்காய் பஜ்ஜியில ரெண்டு கூட" என்றேன்.

மாலையில் பெரியவன் தாளில் 14 வகை, சின்னவள் தாளில் 17. அவளுடைய பதினேழாவது பறவை பூநாரை.

கூந்தன்குளத்துக்கு ஒருமுறை குடும்பமாகப் போயிருந்தார்கள். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம் அது. அங்கே தூரத்தில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறாள். முருங்கை மரத்தடியில் பூநாரை எப்படி வந்தது என்று அண்ணன் கேட்டதற்கு, "மேல பறந்து போச்சு, நீ பாக்கல" என்றாள். இருவருக்கும் சண்டை. பஜ்ஜி ஆறிப்போனது.

இரண்டு தாளையும் இரவில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவனுடைய பதினாலும் நேர்மையானது இல்லை. கருப்பாக இருக்கும் ஆண் குயிலை ஒன்றாகவும், புள்ளி போட்ட பெண் குயிலை இன்னொன்றாகவும் எண்ணியிருந்தான். அது தெரியாமல் செய்தது. ஆனால் மரங்கொத்தியும் ஆந்தையும் பள்ளிக்கூடச் சுவர்ப் படத்திலிருந்து நேராக இறங்கியவை. கேட்டதும் ஒப்புக்கொண்டான். அப்புறம் நான் கவனித்தது இது: 31 வரிகளில் ஒன்றில்கூட அந்தப் பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று இல்லை. பெயர், பெயர், பெயர். அன்றைக்குப் பெரும்பாலான நேரம் கொட்டுகிற மழை. ஜன்னலில் ஒன்றுமே தென்படாத மணிக்கணக்கான நேரம் எந்தத் தாளிலும் இல்லை.

பொய் சொன்னதற்குப் பிள்ளைகளைத் திட்டுவதா என்று அக்கா கேட்டாள். எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தது நான். எண்ணிக்கையைத்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள்: விதியை மாற்றியது

பரிசை எடுத்துவிட்டேன். தனித்தாளுக்குப் பதில் இருவருக்கும் ஒரே நோட்டு. காலை ஆறேகால், பகல் பதினொன்று, மாலை ஐந்தரை என மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் பார்க்கச் சொல்வார்கள். அந்த அளவு எட்டு வயதுக்கும் தாங்கும் என்று தோன்றியது.

முக்கியமான மாற்றம் மூன்று. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, என்ன செய்கிறது என்று கட்டாயம் எழுத வேண்டும். ஒன்றும் வராவிட்டால் "இல்லை" என்று எழுத வேண்டும், அதுவும் ஒரு குறிப்புதான். மூன்றாவது, மழை எப்படிப் பெய்கிறது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

இந்த மூன்றாவதைப் பிள்ளைகளே வளர்த்தெடுத்தார்கள். தகரத்தில் விழுகிற சத்தத்தை வைத்து நான்கு தரம் பிரித்தார்கள்: பொரி, கடுகு, கல், லாரி. "லாரி" என்றால் பக்கத்தில் பேசுவது கேட்காத மழை. இந்தப் பெயர்களை வைத்தவள் சின்னவள், அதாவது காதைப் பொத்திக்கொள்கிறவள். அளவுக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, காலையில் ஸ்கேலை விட்டுப் பார்த்தார்கள். பக்கம் நேராக நிற்கிற டப்பா என்றால் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையளவு. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஒரு லிட்டர். சனிக்கிழமை காலை 62 மில்லிமீட்டர். புறவாசல் எத்தனை சதுர மீட்டர் என்று பெரியவன் அடிக்கணக்கில் அளந்து, எத்தனை குடம் என்று கணக்குப் போட முயன்று, ஓரிடத்தில் தப்புவிட்டு, கோபத்தில் நோட்டை மூடினான். அதை நான் தொடரவில்லை.

அன்று பகல் வேளைக் குறிப்பு இப்படி இருந்தது: "கல் மழை. தவிட்டுக்குருவி ஏழு, வாழை மட்டைக்குக் கீழே ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கு. பந்து மாதிரி. ஒன்று மட்டும் வெளியே பார்க்குது."

முதல் நாள் தாளில் இதே பறவை "தவிட்டுக்குருவி" என்ற ஒற்றைச் சொல். ஏன் பந்து மாதிரி இருக்கிறது என்று கேள்வி வந்தது. இறகைச் சிலிர்த்து வைத்தால் இடையில் காற்று தங்கும், அந்தக் காற்று கம்பளி மாதிரி சூட்டை வெளியே விடாது என்று சொன்னேன். வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு இறகில் தடவிக்கொள்வதையும் சொன்னேன். நம்பவில்லை. மறுநாள் மழை விட்டதும் ஒரு மைனா முருங்கைக் கிளையில் உட்கார்ந்து பத்து நிமிடம் அதையே செய்தது. அதற்குப் பிறகு நம்பினார்கள்.

மூன்றாம் நாள்: தீனி வைத்தது தவறு

பகல் வேளைகளில் "இல்லை", "இல்லை" என்றே வந்ததால் பெரியவனுக்கு அலுத்தது. சுவர்மேல் தயிர்ச்சோறும் பப்பாளித் துண்டும் வைக்கலாம் என்றான். நானும் சரி என்றேன். குறிப்புக்கு உயிர் வரும் என்று நினைத்தேன்.

வந்தது காக்கைதான். பதினைந்து இருபது சேர்ந்து சுவரை எடுத்துக்கொண்டன. செம்பருத்திக்கு வழக்கமாக வரும் தேன்சிட்டும், புதருக்குள் ஓயாமல் கத்தும் தையல்சிட்டும் அன்று முழுக்கத் தென்படவில்லை. கொண்டைக்குருவி ஒரு ஜோடி பப்பாளிக்கு வந்தது, விரட்டப்பட்டது. மழையில் ஊறிய சோறு கீழே வழிந்து எறும்பு. மாலையில், சிந்திய தயிர்ச்சோற்றை நக்க, சுவரடி மடை வழியாகப் பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்தது. இதற்கு முன்னால் அது இந்தப் பக்கம் வந்ததில்லை.

அன்றே நிறுத்தினோம். ஆனால் ஆச்சி தினமும் காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டார். "நீங்க பாக்குதுக்காக நான் காக்காய பட்டினி போடவா?" என்றார். அதைத் தெருப்பக்கத்து ஓட்டின்மேல் வைப்பது என்று ஒரு சமாதானம் ஆனது. காக்கைகள் இரண்டே நாளில் இடம் மாறின. பூனை மாறவில்லை.

நான்காம் நாள்: ஈசல்

ஞாயிறு மாலை நாலரைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. வேளை இல்லாத வேளை. ஆனாலும் இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். மூலையில் மண்ணிலிருந்து ஈசல் புகை மாதிரி எழுந்துகொண்டிருந்தது.

ஒன்பது நாளில் இந்தப் பதினைந்து நிமிடம்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கரிச்சான் மின்கம்பியிலிருந்து வீசியெறிந்த மாதிரி இறங்கிப் பிடித்து, திரும்ப அதே இடத்தில் போய் உட்காரும். மைனா தரையில் நடந்து நடந்து பொறுக்கும். காக்கைக்கு அந்தரத்தில் பிடிக்க வரவில்லை, ஆனாலும் விடாமல் முயன்றது. பழமும் பூவும் என்றிருக்கிற கொண்டைக்குருவிகூடத் தாவித் தாவிப் பிடித்தது. செம்போத்து மட்டும் இதில் எதிலும் சேராமல், நனைந்த இரண்டு இறக்கையையும் சுவர்மேல் விரித்துப்போட்டு வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. "ஆச்சி அப்பளம் காயப்போட்ட மாதிரி" என்று எழுதினாள் சின்னவள்.

பெரியவன் கரிச்சானை மட்டும் எடுத்துக்கொண்டு கோடு போட்டான். 15 நிமிடத்தில் 31 முறை இறங்கியது. அதில் 22 முறை பிடித்தது என்று எழுதியிருந்தான். மீதி ஒன்பதில் ஆறு தவறியது, மூன்று "சரியாத் தெரியல". முதல் நாள் ஆந்தையை எழுதின அதே கை. ஆச்சி தன் பங்குக்கு, சின்ன வயதில் ஈசலைப் பிடித்து இறக்கையைப் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்ற கதையைச் சொன்னார். இருவரும் ஒரே குரலில் முகம் சுளித்தார்கள்.

ஐந்தாம் நாள்: "நடந்துச்சு"

திங்கள்கிழமை பெரியவனுக்குப் பள்ளி திறந்துவிட்டது. சின்னவள் கன்னத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு தனியாக ஜன்னலில். மாலை ஐந்தரை வேளையில் நான் ஒரு அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். முடித்து வந்து பார்த்தபோது நோட்டில் இருந்தது: "பொரி மழை. ஒரு குருவி. பேர் தெரியாது. பச்சை, நீலம், கீழே சிவப்பு. கண்ணில் கருப்புக் கோடு. வால் இல்லை. கல்லுக்குப் பின்னால் நடந்துச்சு. இலையைப் புரட்டிப் புரட்டிப் போட்டுச்சு."

பக்கத்தில் ஒரு படம். எல்லா வண்ணப் பென்சிலும் அதில் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். "பூநாரையோட தம்பியா?" என்று கேட்டேன். இருட்டுகிற நேரம், மழை, காய்ச்சல்காரப் பிள்ளை. நீல இறக்கையும் காப்பிக்கொட்டை நிறத் தலையும் உள்ள மீன்கொத்தி ஒன்று அடிக்கடி கம்பியில் வந்து உட்காரும். அதைத்தான் பார்த்திருப்பாள் என்று முடிவுகட்டி, அவள் குறிப்பின்மேலேயே பேனாவால் "மீன்கொத்தி" என்று எழுதினேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, பகல் இரண்டு வேளையும் நோட்டு வெற்றாக இருந்தது. "இல்லை" என்றுகூட எழுதவில்லை. வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். நான் அதை வீக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் மாலை: ஆச்சி கேட்டது

செவ்வாய் மாலை மின்சாரம் போய்விட்டது. தொலைக்காட்சி இல்லை, மோட்டார் இல்லை, தூறலும் நின்றிருந்தது. ஆறு மணி வாக்கில் புறவாசலிலிருந்து இரண்டே சுரத்தில் ஒரு சீழ்க்கை. கொஞ்சம் விட்டு மறுபடி. ஆச்சி விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"ஏட்டி, கேக்கா? ஆறுமணிக்குருவி வந்துட்டு."

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆச்சி சொன்னதை அன்றிரவு தேடிப் பார்த்ததில் படம் கிடைத்தது. மைனாவைவிடச் சற்றுச் சிறிய உடல், பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு, கண்ணை மறைத்து ஓடும் கருப்புப் பட்டை, இல்லை என்றே சொல்லத்தக்க குட்டை வால். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. இரவில்தான் பயணம். களைத்துப்போய் ஊருக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் வந்து இறங்கிவிடுவதும் உண்டு. விடியும்போதும் அந்தி சாயும்போதும் கூப்பிடும், அதனால்தான் அந்தப் பெயர். மரத்தில் அல்ல, தரையில்தான் இரை தேடும், மக்கிய இலைகளைப் புரட்டி.

அவள் "நடந்துச்சு" என்று எழுதியிருந்தாள். மீன்கொத்தி தரையில் நடந்து இலை புரட்டாது. பெயரைவிட செய்கையை எழுது என்று விதி போட்டவளே, எழுதி வந்த செய்கையைப் படிக்காமல் நிறத்தை வைத்துப் பெயரைத் திருத்தியிருக்கிறேன். முதல் நாள் பூநாரையை மனதில் வைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் குறிப்பை வாசித்ததுதான் நடந்த தவறு. இடையில் அவள் எழுதிய நேர்மையான "இல்லை"கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

படத்தைக் காட்டியபோது, "இதான்" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. நான் நோட்டில் என் எழுத்தை அடித்துவிட்டு, தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "தேதி போடுங்க சித்தி" என்றாள்.

ஏழாம் நாள்: எடுத்த முடிவுகள்

புதன் காலை ஆறேகாலுக்கு எல்லோரும் அடுக்களையில். வாழைக்கடியில் நிஜமாகவே அது இருந்தது. தத்தி, நின்று, இலையைத் தள்ளி, ஒரு மண்புழுவை இழுத்தது. இரண்டடி தள்ளி மடையருகே பூனை.

அந்தக் காலையில் மூன்று விஷயம் முடிவாக வேண்டியிருந்தது.

முதலாவது, பிடிப்பதா வேண்டாமா. பக்கத்து வீட்டு மாமா சுவர்மேல் எட்டிப் பார்த்து, "சோந்து போயிருக்கு போல. ஒரு அட்டைப்பெட்டில போட்டு வச்சா பூனைட்ட இருந்தாவது பொழைக்கும்லா" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், பெரியவனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் அது தானே நடந்து, தானே இரை எடுத்துக்கொண்டிருந்தது. இறக்கை தொங்கவில்லை, ஆள் அசைந்தால் சட்டென்று புதருக்குள் போனது. அடிபட்ட பறவை என்றால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அடிபடாததைத் தொட வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இம்மாதிரிக் காட்டுப்பறவையைப் பிடித்து வைப்பது குற்றமும்கூட. மாமாவிடம் சட்டம் பேசவில்லை. "தின்னுட்டுதானே இருக்கு மாமா, ரெண்டு நாள் பாப்போம்" என்று மட்டும் சொன்னேன். சரி என்று போய்விட்டார்.

இரண்டாவது பூனை. மடை வாயில் சீமைக்கருவேல முள்ளை அடைத்தோம், தண்ணீர் போகும்படி. சுவர் ஏறி வருவதை ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமா வீட்டில் அந்தி நேரத்தில் மட்டும் பூனையை உள்ளே வைத்துச் சாத்திக்கொள்ளச் சம்மதித்தார்கள். இதில் பறவையைவிட சின்னவளின் வீங்கிய கன்னத்துக்குத்தான் பங்கு அதிகம்.

மூன்றாவது அந்த மூலை. மழை விட்டதும் இலைதழையை வாரிக் கொளுத்துவதாக ஆச்சி சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேதான் புழு இருக்கிறது, அதனால்தான் பறவை இருக்கிறது என்று பெரியவன் ஆச்சியிடம் வாதாடினான். மூலை பிழைத்தது. புறவாசல் விளக்கையும் இரவில் அணைத்து வைத்தோம்.

அடுத்து நடந்தது

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்தியில் சத்தம் கேட்டது. வியாழன் காலை ஒருமுறை பார்த்தோம். சனிக்கிழமை முதல் இல்லை. கிளம்பிப் போனதா, வயலோரத் தோப்புக்கு இடம் மாறியதா, பூனையா என்று சொல்ல வழியில்லை. புறவாசலில் இறகு எதுவும் கிடக்கவில்லை என்பதைப் பெரியவன் தேடிப் பார்த்து எழுதியிருக்கிறான்.

ஒன்பது நாள் முடிந்த பிறகும் சின்னவள் அந்தி வேளையை மட்டும் கார்த்திகை பாதி வரை தொடர்ந்தாள். பெரும்பாலும் ஒரே வரி: "ஆறு மணி. சத்தம் இல்லை."

மழைப் பயம் போய்விட்டதா என்று அக்கா கேட்டாள். அப்படிச் சொல்ல மாட்டேன். பகலில் "கல்" வரை ஜன்னலில் உட்காருகிறாள், "லாரி" என்றால் இன்னும் எழுந்து போகிறாள். இரவு மழைக்கு ஆச்சியின் பாய்க்குத்தான் போகிறாள். போகும்போது என்ன மழை என்று சொல்லிக்கொண்டு போகிறாள், அவ்வளவு வித்தியாசம்.

பொங்கலுக்குக் கணக்கெடுப்பில் இந்தப் புறவாசலிலிருந்து ஒரு 15 நிமிடப் பட்டியல் போனது. ஒன்பது வகை. முதல் நாள் இருவர் தாளில் இருந்ததைவிடக் குறைவு.

மறுபடி செய்தால்

எண்ணிக்கைக்குப் பரிசு வைக்க மாட்டேன். தீனி வைக்க மாட்டேன். வெயிற்காலத்தில் தண்ணீர் வைப்பது வேறு விஷயம். அடைமழையில் தீனி வைத்தால் நாம் பார்ப்பது காக்கையையும் பூனையையும்தான்.

பிள்ளையின் குறிப்பின்மேல் பெரியவர்கள் எழுதக் கூடாது. சந்தேகம் இருந்தால் எதிர்ப்பக்கத்தில் கேள்வியாக எழுதலாம்: எவ்வளவு நேரம் பார்த்தாய், தரையிலா கிளையிலா, பக்கத்தில் இருந்த மைனாவைவிடப் பெரிதா. இந்த மூன்று கேள்வியைத் திங்கள் மாலையே கேட்டிருந்தால் போதும். அவளிடம் மூன்றுக்கும் பதில் இருந்தது.

ஆச்சியை முதல் நாளே ஜன்னலுக்கு அழைத்திருக்க வேண்டும். கண் மங்கலான ஆள் என்று பறவை பார்ப்பதில் சேர்க்காமல் விட்டோம். பாதிப் பறவையை அவர் காதாலேயே சொல்லிவிடுகிறார் என்பது மின்சாரம் போன பிறகுதான் தெரிந்தது. இப்போது நோட்டில் "கேட்டது" என்று தனிப் பத்தி உண்டு. ஆச்சி சொல்லச் சொல்லப் பெரியவன் எழுதுகிறான்.

மடையில் முள் இன்னும் இருக்கிறது. பூனை சுவர் வழியாகத்தான் வருகிறது.